பின்சக்கரம் சுற்றாத இடும்பன்

அரசாங்கம் ஒரு காரைச் செய்து, அதற்கு நல்ல பெயராக வைத்து, பேப்பரில் முழுப் பக்கம் படமும் போட்ட பிறகு ஜனங்கள் அதை வாங்கவில்லை என்றால் தப்பு யார் மேல்? சந்தேகமில்லாமல் ஜனங்கள் மேல்தான். இந்த உண்மையைக் கண்டுபிடிக்கத் தென்னாட்டு மோட்டார் உற்பத்திக் கழகத்துக்கு மூன்று வருஷமும் நான்கு குழுக்களும் தேவைப்பட்டன. பரமத்திப் பக்கத்து மருதாசலத்தின் தூக்கமும் தேவைப்பட்டது.

மருதாசலத்துக்கு நாலு ஏக்கர் கரும்பு இருந்தது. அதை ஆட்டி வெல்லம் காய்ச்ச ஓர் ஆலை இருந்தது. ஆலையைச் சுற்ற ஒரு கார் இருந்தது. காரா என்று சிரிக்கிறவர்கள் எழுபதுகளில் எங்கள் பக்கம் வந்திருக்கமாட்டார்கள். கரண்டு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் வரும். எந்த நாலு என்பது அனுப்புகிறவர்களுக்கே தெரியாது. வெட்டின கரும்போ மூன்று நாலு நாளைக்கு மேல் தாங்காது, சாறு வற்றிச் சக்கையாகிவிடும். அதனால் காரைப் பின்பக்கமாக ஆலைக்குக் கொண்டுவந்து நிறுத்துவோம். பின்பக்கத்தில் ஒரு பக்கத்தைக் கல் மேல் தூக்கிவைத்து, அந்தச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் புல்லி மாட்டி, ஆலைக்குப் பெல்ட்டுப் போடுவோம். பெட்ரோலில் கிளப்பிச் சூடேறியதும் சீமெண்ணெய்க்கு மாற்றிவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே பகலெல்லாம் உழைக்கும்.

அந்தக் கார்தான் இடும்பன். இரண்டு மலையைக் காவடியாகத் தூக்கினவன் பெயரை, பழனிமலை பக்தரான ஒரு முதலாளி ஐம்பதுகளில் தான் செய்த காருக்கு வைத்தார். எட்டு சிலிண்டர். முன்பக்கத்தில் பித்தளையில் பெயர். கல்யாணத்துக்குப் போனால் பதினெட்டுப் பேர் ஏறுவார்கள். பள்ளத்தில் இறங்கிய லாரியை இழுத்து மேலே விடும். அறுபத்து நாலில் கம்பெனி நொடித்துப்போனாலும் எங்கள் பக்கத்தில் இடும்பன் என்றால் பேச்சே வேறு. பொண்ணு கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டில் மாடு எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் இடும்பன் உண்டா என்று கேட்பார்கள். எழுபத்தாறாம் வருஷம் எங்கள் வட்டாரத்தில் உயிரோடு ஓடியது மருதாசலத்தின் வண்டி ஒன்றுதான். தன் கரும்போடு அக்கம்பக்கத்து ஏழெட்டுப் பேர் காட்டுக் கரும்பையும் அதுதான் ஆட்டிக்கொண்டிருந்தது.

நொடித்த கம்பெனியின் மிச்சம் மீதியைக் கழகம் ஏலத்தில் எடுத்தது. மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டது. பெயரை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது. அந்தப் பெயரில் ஒரு புதுக் காரைச் செய்து நாமக்கல்லில் விழா எடுத்தது. கழகத்தின் தலைவர் பட்டுத் தலைப்பாகையோடு மேடையேறினார்.

"இடும்பன் என்ற சொல்லுக்கு மக்கள் உள்ளத்தில் எண்பது குதிரைத்திறன் இருப்பதாக எமது ஆய்வு கூறுகிறது" என்று ஆரம்பித்தார். "அதே எண்பதை எஞ்சினிலும் வைத்தால், ஒரே பொருளுக்கு இருமுறை செலவு என்று தணிக்கையில் ஆட்சேபிப்பார்கள். ஆகவே எஞ்சினில் பதினெட்டு மட்டும் வைத்துவிட்டு மீதி அறுபத்திரண்டைப் பெயரிலேயே விட்டுவைத்திருக்கிறோம். இத்தகைய சிக்கனத்தை எந்தத் தனியார் முதலாளியாவது செய்திருப்பானா?"

ஒருத்தனும் செய்திருக்கமாட்டான் என்று நாங்களும் கை தட்டினோம்.

முன்வரிசையில் சென்னியப்பன் இருந்தார். மூன்று லாரியும் கோழிப் பண்ணையும் வைத்திருப்பவர். அன்றைக்கே ஒன்றை வாங்கிவிடுவது என்று வேட்டி மடிப்பில் பணத்தோடு வந்திருந்தார். அவர் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஏனுங்க, ஒருக்காப் பின்னாடி தூக்கிப் பாத்துக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் வண்டி வாங்குகிற முறை அதுதான். மாட்டுக்குப் பல்லைப் பார்ப்பது போல வண்டிக்குப் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டுப் பார்ப்போம். தலைவர் அதை ஏதோ உள்ளூர் மரியாதை என்று நினைத்து, "தாராளமாக" என்று கும்பிட்டார்.

பழைய இடும்பனைத் தூக்க எட்டு ஆளும் ஒரு கடப்பாரையும் வேண்டும். புது இடும்பனுக்கு நாலு பேர் குனிந்தார்கள். இரண்டு பேர் கையை எடுத்துவிட்ட பிறகும் அது மேலேயே இருந்தது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளப்பிக் கிளச்சை விட்டார். பின்சக்கரம் இரண்டும் சும்மா நின்றன. முன்சக்கரங்கள் சுற்ற, கார் மெல்ல நகர்ந்து போக, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருந்த இரண்டு பேரும் ஏர் பிடித்தவர்களைப் போல மைதானம் முழுக்க அதன் பின்னாலேயே நடந்தார்கள்.

"பின்சக்கரம் சுத்தலீங்களே?" என்றார் சென்னியப்பன்.

"சுற்றாது. முன்சக்கரம் இழுக்கும் நவீன முறை இது. பின்சக்கரங்கள் காரின் பின்பகுதி தரையில் உரசாமல் இருப்பதற்காகப் பொருத்தப்பட்டவை."

"அப்பறம் ஆலை ஆட்டறதுக்கு?"

"எந்த ஆலை?" என்று தலைவர் கேட்டார்.

சென்னியப்பன் இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். "அப்ப நான் வாரேனுங்க" என்று கிளம்பினார். கால் மணி நேரத்தில் மைதானத்தில் கழகத்தின் ஆட்களும் நாதஸ்வரக்காரரும்தான் மிச்சம்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் சேலம் ஜில்லாவில் ஒரு புது இடும்பன்கூட விற்கவில்லை. ஏன் விற்கவில்லை என்று எங்கள் ஊர்க் கன்றுக்குட்டிக்குக்கூடத் தெரியும். ஆனால் கன்றுக்குட்டியைக் கேட்டு அறிக்கை எழுத முடியாதல்லவா? கழகம் முதல் குழுவைப் போட்டது. காரின் நிறம்தான் காரணம் என்று குழு சொன்னதால் பச்சையை நீலமாக்கினார்கள். விற்கவில்லை. இரண்டாவது குழு நீலத்தைப் பச்சையாக்கச் சொன்னது.

மூன்றாவது குழுவுக்காகச் சந்தை ஆய்வு அதிகாரி வேலுமணி ஜீப்பில் எங்கள் ஊருக்கு வந்து இறங்கினார். படித்த பிள்ளை. வாய் நிறையச் சிரிப்பு, கை நிறையப் படிவம். ஜில்லாவிலேயே இடும்பன் வைத்திருப்பவர் என்று மருதாசலத்தின் பெயர்தான் அவருடைய ஏட்டில் இருந்தது. அறுபத்து நாலு கேள்வி. ஆலைக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"இடும்பன் என்ற பெயரைக் கேட்டதும் உங்கள் நெஞ்சில் எழும் உணர்ச்சி என்ன? பெருமிதமா, மிகுந்த பெருமிதமா?"

"ஆலை ஆட்டோணுமே, சீமெண்ணெய் இருக்குதான்னு நெனப்பு வருமுங்க."

"இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்."

"எதையாச்சும் போட்டுக்குங்க சாமி."

"புதிய இடும்பனை நீங்கள் வாங்காததற்குக் காரணம் அதன் நிறமா, கைப்பிடியா, இருக்கையின் பூப்போட்ட துணியா?"

"பின்சக்கரம் சுத்தறதில்லீங்க. இழுவையும் இல்லை. பேரு மட்டுந்தானுங்க இடும்பன்."

வேலுமணி படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். பின்னாலும் பார்த்தார். "பின்சக்கரத்துக்கு இதில் இடம் விடவில்லையே" என்று வருத்தப்பட்டார்.

மருதாசலத்தின் சம்சாரம் சௌந்திரம் மோர் கொண்டுவந்தவர், "ஓரத்துல வெள்ளையாத்தானுங்க கெடக்குது, அதுல எழுதிக்கறது?" என்றார்.

"ஓரத்தில் எழுதினால் மேலே படிக்கமாட்டார்கள், அம்மா."

கடைசியில் அவர் கைப்பிடி என்று எழுதிக்கொண்டு போனார். மனுஷன் கெட்டவரில்லை. மோரை மட்டும் இரண்டாவது முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

அறிக்கை மூன்று பாகமாக வந்தது. மூன்றாவது பாகத்தின் முடிவு இதுதான்: புதிய இடும்பனில் குறை எதுவுமில்லை. பழைய இடும்பன் ஒன்று பரமத்தி அருகே இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் மக்கள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒப்பிடுதல் என்னும் கெட்ட பழக்கமே விற்பனைக் குறைவின் மூலகாரணம்.

பத்து நாளில் ஒருவர் திருப்புளியோடு வந்தார். பெயர் கழகத்துக்குச் சொந்தம் என்று உத்தரவைக் காட்டிவிட்டு, பித்தளை எழுத்து ஐந்தையும் கழற்றி, எண்ணி, ரசீது கொடுத்துப் போனார். மருதாசலம் ஆலையைக்கூட நிறுத்தவில்லை. ஜனங்கள் பெயரில்லாத வண்டியையும் இடும்பன் என்றே கூப்பிட்டார்கள். இது கழகத்துக்கு ராஜத்துரோகம் மாதிரி பட்டது. அடுத்த வாரம் ஒரு தகரப் பலகை வந்தது. 'இது இடும்பன் அல்ல' என்று எழுதி வண்டியின் நெற்றியில் மாட்டவேண்டும் என்றார்கள். மாட்டினார். அது எது இடும்பன் இல்லையாம் என்று பார்க்கத் திருச்செங்கோட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. வந்தவர்கள் தங்கள் ஊர்க் கரும்பையும் ஆட்டித் தர முடியுமா என்று கேட்டுப் போனார்கள்.

கழகத்துக்கு இனி ஒரு வழிதான் இருந்தது. நான்காவது குழு அதைச் சொன்னது. பழைய இடும்பன் தேசத்தின் சொத்து. அதை அருங்காட்சியகத்தில் வைக்கவேண்டும். ஈடாக உரியவருக்குப் புதிய இடும்பன் ஒன்று அன்பளிப்பாக வழங்கவேண்டும். தலைவரே நேரில் வந்தார். தை மாசம், ஆலையாட்டுப் பருவம் பாதி நடந்திருந்தது. இரண்டு ஏக்கர் கரும்பு வெட்டிக் கட்டுக் கட்டாகக் கிடந்தது. கொப்பரையில் சாறு கொதித்துக்கொண்டிருந்தது.

மருதாசலம் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். "நாலே நாள் பொறுங்க சாமி. வெட்டினதை மட்டும் ஆட்டிக்கறேன். அப்பறம் நானே ஓட்டியாந்து உட்டர்றேன்."

"சரித்திரம் நாலு நாள் காத்திருக்காது" என்றார் தலைவர்.

"கரும்புந்தானுங்க காத்திருக்காது" என்று சௌந்திரம் சொன்னதைச் சரித்திரம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெல்ட்டைக் கழற்றினார்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள். களத்தில் பச்சை நிறத்தில் ஒரு புது இடும்பனும் மாலையும் மிஞ்சின.

மருதாசலம் முயற்சி செய்யாமல் இல்லை. பின்சக்கரம் சுற்றாவிட்டால் போகிறது என்று முன்பக்கத்தைத் தூக்கிப் புல்லி மாட்டிப் பெல்ட்டுப் போட்டார். ஒரே ஒரு கரும்பைக் கொடுத்தார். ஆலை சுற்றவில்லை. எஞ்சின் இருமிக்கொண்டே பெல்ட்டை இழுத்த இழுப்பில் கார்தான் கல்லைவிட்டு இறங்கி ஆலையை நோக்கி வந்தது. நாலாம் நாள் கரும்பு சுள்ளியாகிவிட்டது. மருதாசலம் அதை அடுப்புக்குப் போட்டார்.

காட்டில் நின்ற மிச்சக் கரும்பை வெட்டி, வண்டி கட்டிப் பரமத்தி வேலூர்ப் பக்கம் ஆலைகளுக்குக் கொண்டுபோய், முறைக்குக் காத்துக் கிடந்து, பாதிச் சாறு வற்றிய பிறகு ஆட்டிக்கொண்டு வந்தார். புது இடும்பனுக்கடியில் சௌந்திரத்தின் கோழி பதினோரு முட்டை வைத்து அடைகாத்தது. கழகம் அதைக் குடும்ப உபயோகம் என்று அறிக்கையில் சேர்த்துக்கொண்டது. ஜில்லாவில் முதல் புது இடும்பன் மக்கள் கைக்குப் போய்விட்டது என்று பேப்பரிலும் போட்டார்கள்.

அடுத்த தை வந்தது. மறுபடியும் கரும்பு வெட்டிக் கட்டினார்கள்.

"இந்த வருசமும் இப்பிடியே போச்சுன்னா கரும்பு நடறதையே வுட்டரோணுமுங்க. கடலை போட்டுக்கலாம்" என்றார் சௌந்திரம்.

ஆலையை விற்கிற பேச்சு ஒன்றும் நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தலைவர் மறுபடி வந்தார். ஜில்லாவில் முதல் காருக்குப் பிறகு இரண்டாவது ஏன் போகவில்லை என்று விசாரிப்பதற்காக. வந்தது பழைய இடும்பனில். கறுப்பு வண்ணம் அடித்து, சன்னலுக்குத் திரை போட்டு, முன்னால் சின்னதாகக் கொடி வைத்திருந்தாலும் தூரத்துச் சத்தத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மருதாசலம் களத்து ஓரத்தில் நின்று கேட்டார். கண் கலங்கிவிட்டது.

தலைவர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, நாற்பது பேரை எதிரில் உட்காரவைத்து ஆரம்பித்தார். "ஒரு பொருளைச் செய்வது அரசின் கடமை. அதை விரும்புவது குடிமக்களின் கடமை. நாங்கள் எங்கள் கடமையைச் செய்துவிட்டோம்." வேலுமணி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் குறிப்பெடுத்தார்.

சௌந்திரம் மருதாசலத்திடம் மெதுவாகச் சொன்னார். "அவரு பேசி முடிக்க ரெண்டு மணி நேரம் ஆகுமுங்க. கல்லு போட்ட எடத்துலயேதான் கெடக்குது."

காரை ஓட்டிவந்த டிரைவர் அங்கமுத்து ராசிபுரத்துக்காரர். மருதாசலத்தையும், கட்டிக் கிடந்த கரும்பையும், காரையும் மாறி மாறிப் பார்த்தார். "பிளக்கு ரெண்டு அடைச்சிருக்குதுங்க. தொடைச்சுப் போட்டுட்டுக் கெளப்புங்க" என்று சாவியைக் கட்டில் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பின்வரிசையிலிருந்து எட்டுப் பேர் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அதில் சென்னியப்பனும் ஒருவர். கடப்பாரை வந்தது. வண்டி பின்னால் போனது, தூக்கினார்கள், புல்லி ஏறியது, பெல்ட்டு விழுந்தது. 'மக்களின் நன்றியுணர்வு' என்கிற இடத்துக்குத் தலைவர் வந்தபோது எட்டு சிலிண்டரும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டன. தலைவர் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்க்கையில் அவருடைய கார் கரும்பை மென்று ஒரு பக்கம் சாறும் ஒரு பக்கம் சக்கையுமாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

"யார் உத்தரவு? போலீசைக் கூப்பிடு! இப்போதே புகார் எழுது!"

வேலுமணி எழுந்து அவர் காதருகே போனார். எஞ்சின் சத்தத்தில் அவர் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. "ஐயா, ஏட்டின்படி இந்தக் கார் போன சித்திரையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது. திறப்பு விழாச் செலவுக்குத் தாங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள். கண்ணாடிக் கூண்டில் இருக்கும் கார் பரமத்தியில் கரும்பு ஆட்டுகிறது என்று எழுதினால், அது எப்படி வெளியே வந்தது என்று கேட்பார்கள்."

தலைவர் யோசித்தார். அருங்காட்சியகத்துக்கு அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"இந்தக் கரும்பை எப்போது முடிப்பீர்கள்?" என்று மருதாசலத்தைக் கேட்டார்.

"என்னுது பத்து நாளுங்க. அப்பறம் சென்னியப்பன் ஊட்டுக் கரும்பு, அதுக்கப்பறம் எங்க பங்காளிங்க காட்டுது. இந்தக் கரும்பு முடியறதுக்குள்ள மறு நடவு வந்துருமுங்க."

"நான் இன்று சென்னை திரும்பியாகவேண்டும்!"

மருதாசலத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வந்த விருந்தாளியை நடக்கவிட முடியாது. அவர் ஓடிப்போய்ப் புது இடும்பனுக்கடியில் இருந்த கோழியை விரட்டினார். துண்டால் சீட்டைத் துடைத்தார். சாவியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இதுல போங்க சாமி. இதுவும் இடும்பந்தானுங்களே. நீங்க குடுத்ததுதான்."

தலைவர் அந்தக் காரைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றுதான் என்று தோன்றியது.

"இதிலா?" என்றார். "இதில் எப்படிச் சென்னை போவது? நாமக்கல்லே போய்ச் சேராது. மேடு வந்தால் எவன் இறங்கித் தள்ளுவது? மனுஷன் உட்காருகிற வண்டியா இது?"

நாற்பது பேரும் கேட்டார்கள். ஆலையில் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தவர்களும் கேட்டார்கள். வேலுமணியின் கை பழக்கத்தில் அதையும் எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டது.

மருதாசலம் நீட்டின கையை மடக்கவில்லை. அவர் கிண்டல் செய்யத் தெரியாதவர். தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்.

"பின்ன எங்களை மட்டும் ஏனுங்க வாங்கச் சொல்றீங்க?"

தலைவர் வாயைத் திறந்தார். நாமக்கல் பஸ் விலக்கு ரோட்டில் ஹாரன் அடித்தது. அவர் தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வரப்பு மேல் ஓடினார். பின்னாலேயே படிவக் கட்டோடு வேலுமணி ஓடினார். பஸ்ஸில் உட்கார இடமில்லை என்று அங்கமுத்து பிறகு டீக்கடையிலிருந்து வந்து சொன்னார்.

மருதாசலம் பதில் வருமோ என்று பஸ் மறைகிற வரைக்கும் நின்று பார்த்தார். பிறகு, கரும்பு காய்கிறதே என்று திரும்பிப் போய் அடுத்த கட்டை அவிழ்த்தார்.